லோரிகளோடு 62 நாள்: ஐசன்ஹோவர் கட்டிய நெடுஞ்சாலைகளின் கதை

அமெரிக்காவின் மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளின் ஓரத்தில் ஆங்காங்கே ஒரு நீலப் பலகை நிற்கும். அதில் ஐந்து வெள்ளை நட்சத்திரங்கள் வட்டமாக இருக்கும். அது சாலை இலாகாவின் சின்னமல்ல. அந்நாட்டு ராணுவத்தின் ஆக உயர்ந்த பதவியான ஐந்து நட்சத்திர ஜெனரலின் அடையாளம். காரும் லோரியும் ஓடுகிற பொதுச் சாலையில் ஒரு தளபதியின் நட்சத்திரங்களுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும்.

பலகையில் இருக்கும் பெயர் ட்வைட் ஐசன்ஹோவர். நம்மில் பலருக்கு அவரை இரண்டாம் உலகப் போரின் தளபதியாகத் தெரியும். நார்மண்டிக் கரையில் நேசப் படைகளை இறக்கியவர். பிறகு எட்டு ஆண்டுகள் அமெரிக்க அதிபராக இருந்தவர். ஆனால் அவர் விட்டுச் சென்றவற்றுள் இன்றும் தினமும் கோடிக்கணக்கானோர் பயன்படுத்துவது ஒரு சாலைக் கட்டமைப்புதான். அதன் அதிகாரப்பூர்வப் பெயரில் தற்காப்பு என்ற சொல்லும் சேர்ந்தே இருக்கிறது. படை போக ஒரு வழி, ஆபத்து வந்தால் மக்கள் தப்பிக்க ஒரு வழி என்ற இரண்டு வாக்குறுதிகளோடு போடப்பட்ட சாலைகள் அவை. அந்த வாக்குறுதிகளில் எது நிறைவேறியது, எது கைவிட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அவர் கதை முழுமையாகும்.

ஐஸ் இழுத்த பையன்

ஐசன்ஹோவர் 1890ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் தேதி டெக்சாஸ் மாநிலத்தின் டெனிசன் நகரில் பிறந்தார். ஏழு ஆண் பிள்ளைகளில் மூன்றாமவர். வளர்ந்தது கன்சாஸ் மாநிலத்தின் அபிலீன் என்ற சிற்றூரில். அப்பா ஒரு பால்பொருள் ஆலையில் வேலை செய்தார். குடும்பத்தில் பணம் இல்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் மகனும் அதே ஆலைக்குப் போனார். ஐஸ் கட்டிகளை இழுத்துப் போடும் வேலை, பிறகு இரவு நேர மேற்பார்வை. அண்ணன் எட்கர் கல்லூரியில் படிக்க, தம்பி சம்பாதித்துக் கொடுத்தார். தோட்டத்தில் அண்ணனைப் படிக்க வைக்கப் பால்மரம் வெட்டப் போன தம்பிகளை அறிந்த நம் வாசகர்களுக்கு இது புதிய கதையல்ல.

அவர் ராணுவக் கல்லூரியில் சேர்ந்ததற்கு முக்கியக் காரணம் அங்கே கட்டணம் இல்லை என்பதுதான். அம்மா ஐடா போரையே பாவம் என்று நம்பியவர். 1911இல் மகன் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிக்குக் கிளம்பியபோது அவர் தடுக்கவில்லை. அழுதார் என்று குடும்பத்தார் சொல்லி வந்திருக்கிறார்கள். 1915இல் பட்டம் பெற்று அதிகாரியானார். முதல் உலகப் போர் வந்தது. பிரான்சில் சண்டைக்குப் போக வேண்டும் என்று துடித்தவரைக் கெட்டிஸ்பர்க்கில் டாங்கிப் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார்கள். ஒருவழியாகக் கப்பலேற உத்தரவு வந்தது. புறப்பட வேண்டிய நாளுக்கு ஒரு வாரம் முன்பு, 1918 நவம்பர் 11ஆம் தேதி, போரே முடிந்துவிட்டது. தம் ராணுவ வாழ்க்கை முடிந்ததென்றே அவர் நினைத்தார்.

சேற்றில் புதைந்த படை

வேறு வேலை இல்லாத அந்தச் சமயத்தில்தான் அவர் ஒரு லோரிப் பயணத்தில் பார்வையாளராகப் போக விரும்பிப் பெயர் கொடுத்தார்.

1919 ஜூலை 7ஆம் தேதி வாஷிங்டனில், வெள்ளை மாளிகைக்குத் தெற்கே உள்ள திடலிலிருந்து ராணுவ வாகனங்கள் அணிவகுத்துக் கிளம்பின. லோரி, கார், மோட்டார் சைக்கிள், ஆம்புலன்ஸ், நடமாடும் பட்டறை, சமையல் வண்டி என மொத்தம் 81 வாகனங்கள்; ஏறக்குறைய 300 பேர். இலக்கு மேற்குக் கரையில் உள்ள சான் பிரான்சிஸ்கோ. ஏறத்தாழ 5,200 கிலோமீட்டர் தூரம். எதிரி ரயில் பாதைகளையும் பாலங்களையும் உடைத்துவிட்டான் என்று வைத்துக்கொண்டால், ராணுவம் சாலை வழியாக நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போக முடியுமா என்று பார்ப்பதே நோக்கம். 28 வயது ஐசன்ஹோவர் முதல் நாள் மாலை மேரிலண்டில் போய்ச் சேர்ந்துகொண்டார்.

கிழக்கே சாலை இருந்தது, ஆனால் ஒடுக்கம். எதிரே வண்டி வந்தால் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்கித்தான் போக வேண்டும். இல்லினாய் தாண்டியதும் அதுவும் இல்லை. மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் புழுதி. குதிரை வண்டிக்காகப் போட்ட மரப்பாலங்கள் லோரியின் கனத்தைத் தாங்கவில்லை. பல பாலங்கள் உடைந்தன. ராணுவப் பொறியாளர்களே கட்டிக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்கள். நெப்ராஸ்காவில் சக்கரங்கள் மணலில் இறங்கின. யூட்டாவின் உப்புப் பாலைவனத்தில் லோரிகள் அச்சு வரை புதைந்தபோது, வீரர்கள் வடம் கட்டி மனிதக் கையால் இழுத்தார்கள். சராசரி வேகம் மணிக்குப் பத்துக் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சைக்கிளில் போகிறவர் இதைவிட வேகமாகப் போய்விடுவார்.

இவ்வளவுக்கும் நடுவே ஊர் ஊராக வரவேற்பும் விருந்தும் மேடைப் பேச்சும் வேறு. இளம் ஐசன்ஹோவரும் அவர் நண்பர் மேஜர் பிரெட்டும் கிழக்கு மாநிலத்து அதிகாரிகளைப் பயமுறுத்த, மேற்கே போனதும் செவ்விந்தியர்கள் தாக்க வருவதாக நாடகம் போட்ட கதையும் உண்டு. பிற்காலத்தில் லட்சக்கணக்கான படைவீரர்களுக்குத் தலைமை தாங்கப் போகிறவர் புதருக்குப் பின்னால் ஒளிந்து ஊளையிட்டதை எண்ணிப் பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

அணி சான் பிரான்சிஸ்கோவை அடைந்தது செப்டம்பர் 6ஆம் தேதி. 62 நாள். அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையில் ஒரு விஷயம் நம் ஊருக்கும் பொருந்தும். நன்றாகப் போட்ட சாலையைக்கூடப் பிறகு யாரும் கவனிப்பதில்லை. சரியான நேரத்தில் சிறு தொகை செலவழித்திருந்தால் அது கெட்டிருக்காது என்பது அவர் கண்டது. நூறு ஆண்டு கடந்தும் நகராட்சிக் கூட்டங்களில் கேட்கிற குறைதான் இது.

அடுத்த இருபது ஆண்டுகள் அவருக்கு மெதுவாகவே நகர்ந்தன. 1921 ஜனவரியில் மூத்த மகன், வீட்டில் இக்கி என்று அழைக்கப்பட்ட மூன்று வயதுக் குழந்தை, செங்காய்ச்சலில் இறந்தான். அந்தத் துக்கம் கடைசி வரை அவரைவிட்டுப் போகவில்லை. பனாமாவில் வேலை. பிறகு பிரான்சில் அமெரிக்கப் படைகள் சண்டையிட்ட இடங்களுக்கு வழிகாட்டி நூல் எழுதும் பணி; அதற்காக அந்நாட்டுச் சாலைகளில் சுற்றினார். எந்தப் பாதை எந்த ஆற்றைக் கடக்கிறது என்று அவர் அன்று பார்த்து வைத்தது பதினைந்து ஆண்டு கழித்துக் கைகொடுத்தது. 1935 முதல் 1939 வரை நமக்குப் பக்கத்தில், பிலிப்பீன்சில், ஜெனரல் மெக்கார்தரின் உதவியாளராக இருந்தார்.

சாலைக்கு எதிரி, நண்பன் தெரியாது

இந்த இடத்தில் நம் மண்ணில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் மலாயாவில் போட்ட சாலைகள் ரப்பரையும் ஈயத்தையும் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்டவை. அவற்றைப் போட்ட பொதுப்பணி இலாகாத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். நம் பெரியவர்கள் இன்றும் சடக்கு என்று சொல்வது அந்தச் சாலைகளைத்தான். 1941 டிசம்பர் 8ஆம் தேதி கோத்தா பாருவில் இறங்கிய ஜப்பானியப் படை, அதே சடக்குகளில் சைக்கிள் மிதித்துத் தெற்கே வந்தது. ஆங்கிலேயர் பாலங்களை உடைத்துக்கொண்டே பின்வாங்கினார்கள். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்துவிட்டார்கள் ஜப்பானியர்கள். 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. சுமார் எழுபது நாள். ஐசன்ஹோவரின் லோரிகள் ஒரு சண்டையும் இல்லாமல் அமெரிக்காவைக் கடக்க எடுத்துக்கொண்டதைவிட ஒரு வாரம்தான் கூடுதல்.

சாலை இருந்தால் படை எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை ஐசன்ஹோவர் 1944இல் தம் கையாலேயே நடத்திப் பார்த்தார். ஜூன் 6இல் நார்மண்டியில் இறங்கிய படை ஆகஸ்டில் மளமளவென்று முன்னேறியது. எரிபொருளும் குண்டும் பின்னால் கடற்கரையில் குவிந்து கிடந்தன. பிரான்சின் ரயில் பாதைகளை நேசப் படைகளே குண்டு போட்டு உடைத்திருந்தன. ஆகவே ஆகஸ்ட் 25ஆம் தேதி ஒரு லோரிச் சேவையைத் தொடங்கினார்கள். கடற்கரைப் பக்கத்திலிருந்து முன்னணிக்குப் போக ஒரு சாலை, திரும்பி வர இன்னொரு சாலை. இரண்டும் ஒருவழிப் பாதை. ஊர் மக்களின் வண்டிக்கு அனுமதி இல்லை. வழியைக் காட்டச் சிவப்புப் பந்து வரைந்த பலகைகள். இரவும் பகலும் ஓடின; உச்ச நாட்களில் ஏறக்குறைய ஆறாயிரம் லோரிகள். ஓட்டுநர்களில் நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினத்தவர்கள். அன்றைய அமெரிக்க ராணுவம் அவர்களைச் சண்டைப் பிரிவுகளிலிருந்து பெரும்பாலும் ஒதுக்கி வைத்து, மூட்டை தூக்கவும் லோரி ஓட்டவும் வைத்திருந்தது. அவர்கள் தூங்காமல் ஓட்டியதால்தான் டாங்கிகள் நகர்ந்தன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களின் குடும்பங்கள் இந்தக் கதையில் மறுபடியும் வரப்போகின்றன.

ஜெர்மனிக்குள் நுழைந்தபோது அவர் ஆட்டோபான் சாலைகளைக் கண்டார். இரு திசைக்கும் தனித்தனித் தடம், நடுவே பிரிப்பு, குறுக்குச் சந்திப்பு கிடையாது. ஹிட்லர் தம் பெருமைக்காக விளம்பரப்படுத்திய அந்தச் சாலைகளில் பிற்காலத்தில் யூதக் கைதிகளின் கட்டாய உழைப்பும் இருந்தது. அழகான சாலை என்று மட்டும் அவற்றைப் பாராட்டிவிட முடியாது. போர்த் தளபதியாக ஐசன்ஹோவர் கவனித்தது வேறு. ஓரிடத்தில் குண்டு விழுந்தால் ரயில் பாதை முழுவதும் முடங்கிப் போகும். அகலமான சாலையிலோ குழியைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். 1919இன் சேறும் 1945இன் ஆட்டோபானும் அவர் மனத்தில் அருகருகே உட்கார்ந்தன.

மருத்துவமனைக் கட்டிலில் ஒரு கையெழுத்து

1953இல் அவர் அதிபரானார். அமெரிக்க நெடுஞ்சாலைகள் அவர் மூளையில் மட்டுமே உதித்தவை என்று சொல்வது மிகை. எந்தச் சாலைகள் போருக்குத் தேவை என்று ராணுவம் 1922லேயே வரைபடம் போட்டுக் கொடுத்திருந்தது. ஜெனரல் பெர்ஷிங் கொடுத்ததால் அதற்கு அவர் பெயரே நிலைத்தது. மாநிலங்களை இணைக்கும் கட்டமைப்புக்கு 1944இலேயே சட்டம் வந்துவிட்டது. வராதது பணம். யார் செலவழிப்பது என்ற சண்டையில் திட்டம் பத்தாண்டு காகிதத்தில் கிடந்தது. ஐசன்ஹோவர் செய்தது அந்தக் காகிதத்துக்குப் பணத்தைக் கொண்டுவந்ததுதான். அது சின்ன வேலையல்ல.

1954 ஜூலையில் மாநில ஆளுநர்கள் மாநாட்டில் அவர் பேச இருந்தார். தம்பியின் மனைவி இறந்ததால், துணையதிபர் நிக்சனை அனுப்பினார். பத்து ஆண்டில் 50 பில்லியன் டாலர் என்று நிக்சன் அறிவித்தபோது ஆளுநர்கள் அசந்துபோனார்கள். சாலை விபத்து மரணங்கள், நெரிசலில் வீணாகும் நேரம், வழக்குகள், பொருள் போக்குவரத்துத் தாமதம் ஆகியவற்றோடு ஐந்தாவதாக ஒரு காரணமும் சொல்லப்பட்டது. அணுப்போர் வந்தால் இந்தச் சாலைகள் தாங்காது.

அந்தப் பயம் அப்போது உண்மையானது. அதே ஆண்டு மார்ச் 1ஆம் தேதி பசிபிக் கடலில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டு, எதிர்பார்த்ததைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு பெரிதாக வெடித்தது. அப்படிப்பட்ட குண்டு ஒரு நகரத்தின் மேல் விழுந்தால் நிலவறையில் பதுங்கிப் பயனில்லை. குண்டு விழுமுன் நகரைக் காலி செய்வதே வழி என்று பொதுமக்கள் தற்காப்பு இலாகா முடிவு செய்தது. 1955 ஜூனில் நாடு முழுவதும் ஒத்திகை நடந்தது. அதிபரும் ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்களும் வாஷிங்டனைவிட்டு வெளியேறி, கூடாரங்களிலிருந்து அரசை நடத்திப் பார்த்தார்கள்.

திட்டத்தை வகுக்க அவர் நியமித்த குழுவின் தலைவர் ஜெனரல் லூசியஸ் கிளே. 1948இல் சோவியத் படை பெர்லினுக்குப் போகும் சாலைகளை அடைத்தபோது, ஒரு நகரம் முழுவதற்கும் விமானத்தில் உணவும் நிலக்கரியும் அனுப்ப வேண்டி வந்ததே, அன்று ஜெர்மனியில் அமெரிக்கத் தரப்பின் தலைவராக இருந்தவர் அவர்தான். சாலை அடைபட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அணுகுண்டு ஆபத்து வந்தால் குறைந்தது ஏழு கோடிப் பேர் நகரங்களைவிட்டு வெளியேற வேண்டியிருக்கும் என்ற கணக்கு அந்தக் குழுவின் அறிக்கையில் இடம்பெற்றது. 1955 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் ஐசன்ஹோவரே இந்த வெளியேற்றத்தை ஒரு காரணமாகக் காட்டினார்.

ஆனால் கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டுவது என்ற குழுவின் யோசனையை நாடாளுமன்றம் ஏற்கவில்லை. அந்த ஆண்டு மசோதா தோற்றது. அதே செப்டம்பரில் அவருக்கு மாரடைப்பு. மறு ஆண்டு, எரிபொருள் வரியை கேலனுக்கு இரண்டு சென்ட்டிலிருந்து மூன்றாக உயர்த்தி, அந்தப் பணத்தைச் சாலைக்கே தனிநிதியாக ஒதுக்குவதென்று வழி பிறந்தது. செலவில் 90 விழுக்காடு மத்திய அரசு, மீதி மாநிலம். மேலவையில் 89 பேர் ஆதரவு, எதிர்ப்பு ஒரே ஓட்டு. 1956 ஜூன் 29ஆம் தேதி, குடல் அறுவை சிகிச்சை முடிந்து வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் இருந்தபடியே அவர் கையெழுத்திட்டார். விழா இல்லை, பேனா பரிசளிப்பும் இல்லை. 41,000 மைல், அதாவது ஏறத்தாழ 66,000 கிலோமீட்டர் சாலைக்கு அந்தக் கையெழுத்து வித்திட்டது.

பெயரில் தற்காப்பு, பணமோ பெட்ரோல் வரி. எனக்குத் தோன்றுவது, தற்காப்பு இல்லாமலும் இந்தச் சாலைகள் ஒருநாள் வந்திருக்கும், நெரிசல் அப்படி இருந்தது. ஆனால் அந்தச் சொல் இல்லாமல் 89 ஓட்டு விழுந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஏவுகணைக்கு எவ்வளவு உயரம்?

ராணுவத்துக்கான சாலை என்றால் என்ன வித்தியாசம்? பார்த்தால் தெரியாது. சமிக்ஞை விளக்கும் குறுக்குச் சந்திப்பும் இல்லாமல், குறிப்பிட்ட இடத்தில் மட்டும் ஏறவும் இறங்கவும் முடிகிற அமைப்பு ஒன்று. கனரக வண்டி தாங்கும் பாலங்கள் மற்றொன்று. பெரிய சிக்கல் வந்தது மேம்பாலங்களின் உயரத்தில். தொடக்கத்தில் 14 அடி போதும் என்று கட்டினார்கள். ஆனால் அந்த ஆண்டுகளில் வந்த ஏவுகணைகளை லோரியில் ஏற்றினால் அந்தப் பாலங்களுக்கு அடியில் நுழையாது. தற்காப்பு அமைச்சு கூடுதல் உயரம் கேட்டது. சாலை இலாகாவோடு நீண்ட இழுபறிக்குப் பிறகு, 1960இல் 16 அடி என்று முடிவானது. அதற்குள் நூற்றுக்கணக்கான பாலங்கள் பழைய உயரத்தில் எழும்பி நின்றன. தற்காப்புச் சாலை என்று பெயர் வைத்தவர்கள், தற்காப்பு அமைச்சிடம் உயரத்தை முதலிலேயே கேட்டு முடித்திருக்கலாம்.

இன்னொரு கதை வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஐந்து மைலுக்கு ஒரு மைல் நேராக இருக்க வேண்டும், போர் விமானம் இறங்குவதற்காக ஐசன்ஹோவர் சட்டம் போட்டார் என்பார்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாது. 1941 காலத்தில் சாலைக்குப் பக்கத்தில் தனி விமான ஓடுதளங்கள் கட்டப் பணம் ஒதுக்கியது உண்மை. அது வேறு திட்டம், வேறு அதிபர். சாலையையே ஓடுதளமாக்குவதை உண்மையில் பார்க்க விரும்பினால் சிங்கப்பூருக்குப் போனால் போதும். லிம் சூ காங் சாலையில் விளக்குக் கம்பங்களையும் பேருந்து நிறுத்தங்களையும் கழற்றி வைத்துவிட்டு, போர் விமானங்களை இறக்கி ஏற்றும் பயிற்சி 1980களிலிருந்து நடந்து வருகிறது. சுற்றிலும் கடல் சூழ்ந்த சிறு நாட்டில் விமானத் தளம் அடிபட்டால் வேறு இடம் ஏது?

நம் நாட்டிலும் பாதுகாப்புக்காகவே பிறந்த சாலை உண்டு. கிரிக்கையும் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, கம்யூனிஸ்டு கெரில்லாக்கள் நடமாடிய காட்டின் ஊடே, அவர்களின் தாக்குதல்களுக்கு நடுவே கட்டப்பட்டு 1982இல் திறக்கப்பட்டது. திறந்த பிறகும் பல காலம் இருட்டினால் அதில் யாரும் போகக் கூடாது. பினாங்கிலிருந்து கிளந்தானுக்குப் போகிறவர்கள் மாலைக்குள் கடந்துவிட வேண்டுமென்று அவசரப்பட்டதை அக்கால ஓட்டுநர்கள் இன்றும் மறக்கவில்லை.

வெளியேறும் வழி யாருக்கு?

மக்களை வெளியேற்றும் வாக்குறுதிக்கு வருவோம். அது கட்டி முடிவதற்கு முன்பே காலாவதியாகிவிட்டது. குண்டு விமானத்தில் வரும், சில மணி நேரம் கிடைக்கும் என்ற கணக்கில்தான் நகரைக் காலி செய்யும் யோசனை நின்றது. 1957இல் சோவியத் யூனியன் கண்டம் தாண்டும் ஏவுகணையைச் சோதித்தது. அக்டோபரில் ஸ்புட்னிக்கை விண்ணுக்கு அனுப்பியது. மணிக்கணக்கு, நிமிடக் கணக்காகச் சுருங்கியது. அரை மணி நேரத்தில் எந்த நெடுஞ்சாலையும் நியூயார்க்கைக் காலி செய்ய முடியாது.

ஆனாலும் வெளியேற்றம் என்ற வாதம் வரைபடத்தில் தன் தடத்தை விட்டுப் போனது. படைக்கு நகரைச் சுற்றிப் போகிற சாலை போதும். நகரின் நடுவிலிருந்து மக்களை வெளியே கொண்டுபோக வேண்டுமென்றால் சாலை நகரின் நடுவுக்கே வர வேண்டும். மேயர்களும் குத்தகையாளர்களும் அதைத்தான் விரும்பினார்கள். 1959இல் ஒருநாள் ஐசன்ஹோவர் வாஷிங்டனை ஒட்டிய கட்டுமானத்தைக் கண்டு, நெடுஞ்சாலை ஊருக்குள் எதற்கு என்று அதிர்ந்தார். கல்லூரித் தோழரான ஜெனரல் பிராக்டனை விசாரிக்க வைத்தார். 1960 ஏப்ரலில் நடந்த கூட்டத்தில் அதிகாரிகள் 1955இன் வரைபட நூலைக் காட்டினார்கள். நகருக்குள் போகும் சாலைகள் அதிலேயே இருந்தன; அதைக் காட்டித்தான் உறுப்பினர்களின் ஓட்டு வாங்கப்பட்டது. தம் கை கட்டப்பட்டுவிட்டது என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். அவர் அதிர்ச்சி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் வெளியேற்றத்தைக் காரணம் காட்டி நாடாளுமன்றத்துக்குச் செய்தி அனுப்பியவரும் அவர்தானே.

ஊருக்குள் நுழைந்த சாலை யார் வீட்டின்மேல் போனது? நிலம் மலிவாகவும் எதிர்ப்புக் குரல் பலவீனமாகவும் இருந்த இடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. மயாமியில் ஓவர்டவுன், செயின்ட் பால் நகரில் ரோண்டோ, நியூ ஆர்லியன்சில் கிளேர்போர்ன் அவென்யூ. மூன்றும் கறுப்பினத்தவர் கடையும் கோயிலும் வீடுமாக வாழ்ந்த பகுதிகள். பிரான்சில் சிவப்புப் பந்துச் சாலையில் லோரி ஓட்டிய மனிதர்களின் இனத்தார் கட்டிய வாழ்க்கைதான் இடிக்கப்பட்டது. வளர்ச்சி வருகிறது என்று சொல்லித் தோட்டத்து லயங்களைக் காலி செய்யச் சொன்னபோது நாம் பட்டதை நினைத்தால், கிளேர்போர்னில் வரிசையாக நின்ற ஓக் மரங்களை வெட்டியபோது அவர்கள் பட்டது புரியும்.

அணுகுண்டு விழவில்லை. புயல் வந்தது. 1999 செப்டம்பரில் புளோய்ட் புயலுக்குப் பயந்து தென்கிழக்குக் கரையில் இருபது லட்சத்துக்கும் அதிகமானோர் கிளம்பினார்கள். சார்ல்ஸ்டனிலிருந்து கொலம்பியாவுக்கு இரண்டு மணி நேரப் பயணம். அன்று பத்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. கடலை நோக்கி வரும் தடங்கள் பக்கத்திலேயே காலியாகக் கிடந்தன. பெருநாள் கூட்டத்தில் நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சிக்கியவர்களுக்கு அந்த ஆத்திரம் புரியும். அங்கே பின்னால் புயலும் துரத்தியது. அதன் பிறகுதான் பல மாநிலங்கள் எதிர்த் தடத்தையும் வெளியே போகும் திசைக்குத் திருப்பிவிடும் முறையை ஒழுங்காகத் திட்டமிட்டன. எந்த நுழைவாயிலை அடைப்பது, எங்கே போலீஸ் நிற்பது, கடைசியில் இரு தடமும் மீண்டும் சேரும் இடத்தில் அடைத்துக்கொள்ளாமல் எப்படிப் பிரிப்பது என்பதெல்லாம் அதில் அடக்கம். நெரிசல் பெரும்பாலும் அந்தக் கடைசி இடத்தில்தான் பிறக்கும்.

2005இல் கத்ரினா புயலின்போது லூசியானாவில் அந்த முறை வேலை செய்தது. கார் வைத்திருந்தவர்களுக்கு. நியூ ஆர்லியன்சில் நான்கில் ஒரு குடும்பத்துக்கும் அதிகமானோரிடம் கார் இல்லை. ஊர் மூழ்கியபோது அவர்கள் தஞ்சமடைந்த இடங்களில் ஒன்று, அவர்கள் தெருக்களின் மேல் கட்டப்பட்ட அதே ஐ-10 மேம்பாலங்கள். வெளியேற என்று கட்டிய சாலையின் மேல், வெளியேற வழியின்றி வெயிலில் நின்றார்கள். சில வாரத்தில் ரீட்டா புயல் வந்தது. கத்ரினாவைப் பார்த்துப் பயந்த ஹியூஸ்டன் வட்டாரமே ஒரேயடியாகச் சாலைக்கு வந்தது. எரிபொருள் தீர்ந்த கார்கள் வழியை அடைத்தன. முதியோர் இல்லத்தவர்களை ஏற்றிச் சென்ற பேருந்து டல்லஸ் அருகே தீப்பிடித்து 23 பேர் மாண்டனர்.

இந்த எதையும் ஐசன்ஹோவர் பார்க்கவில்லை. 1961இல் பதவியிலிருந்து இறங்கி, கெட்டிஸ்பர்க் அருகே தம் பண்ணை வீட்டுக்குப் போனார். ஒரு காலத்தில் அவர் டாங்கிப் பயிற்சி கொடுத்த அதே ஊர். பதின்மூன்று ஆண்டில் முடியும் என்ற சாலைத் திட்டம் 1990கள் வரை இழுத்தது. 25 பில்லியன் என்று ஒதுக்கியது 100 பில்லியனையும் தாண்டியது. முதலில் முடித்தது எங்கள் துண்டுதான் என்று அவர் சொந்த மாநிலமான கன்சாஸ், பக்கத்து மிசூரியோடு இன்னும் போட்டி போடுகிறது. 1990இல்தான் முழுக் கட்டமைப்புக்கும் அவர் பெயர் வைத்தார்கள்; அந்த நீலப் பலகைகள் அதன் பின் வந்தவை.

1969 மார்ச் 28ஆம் தேதி, சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்ட அதே வால்டர் ரீட் மருத்துவமனையில் அவர் காலமானார். வயது 78. சாதாரணப் படைவீரருக்குக் கொடுக்கும் 80 டாலர் பெட்டியில், ராணுவச் சீருடையில் வைத்தார்கள். வாஷிங்டனிலிருந்து அபிலீனுக்கு உடல் ரயிலில் போனது. ஏப்ரல் 2ஆம் தேதி, மூன்று வயதில் போன மகன் இக்கியின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். ஊருக்குச் சற்று வடக்கே ஐ-70 நெடுஞ்சாலை போகிறது.